தாலியைக் கவ்விக்கொண்டு எடுத்த படங்கள்

ஐந்து மாதம் இருமினேன். அதில் மூன்று மாதம் 'நுரையீரலில் ஒன்றுமில்லை' என்று எழுதிய காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே இருமினேன். இப்போது இருமல் இல்லை. உடம்பு தேறி, கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கொஞ்சம் கோபம் வர வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பரமேசுவரி. திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைதான் என் தொழில். அளவு எடுக்க டேப்பைக் கையில் எடுத்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தை, "நிமிர்ந்து நில்லுங்க." குனிந்து நிற்கிறவளுக்கு எடுத்த அளவில் வெட்டினால் தோளில் சுருக்கம் விழும், முதுகு தூக்கிக்கொள்ளும், பழி என் தலையில் விழும். என் கணவர் ஏழுமலை மினி லாரி ஓட்டுகிறார். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் எங்களோடு இருப்பவர் கணவரின் அக்கா பச்சையம்மா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரர் இறந்த பிறகு எங்களிடம் வந்தவர். நான் கடையில் மிஷின் மிதிக்கும் நேரமெல்லாம் வீட்டைத் தாங்குவது அவர்தான்.

ஆடி மாதம் இருமல் பிடித்தது. துணித் தூசு என்று நினைத்தேன். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், விடிந்தால் ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருக்கும். என் ரவிக்கைகளை நானே இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். ஊரார் உடம்பையெல்லாம் அங்குலக் கணக்கில் அறிந்தவள், என் உடம்பு இத்தனை அங்குலம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. இளைத்தால் அழகுதானே என்று சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு முட்டாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புரட்டாசியில் பக்கத்துத் தெரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அண்ணியும் நானும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். பெயர் வேண்டாம். படம் எடுப்பவர் கூச்சப்பட்ட மனிதர். என் கழுத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"கழுத்துல கீறத கழட்டணும்மா. இரும்பு, தங்கமெல்லாம் படத்துல விழும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கதவோரத்திலிருந்து சொன்னார். "அதெல்லாம் கழட்ட மாட்டா. சுமங்கலி."

என் தாலி மஞ்சள் கயிற்றில் இருக்கிறது. இரண்டு பக்கமும் குண்டுமணி, அதோடு எப்போதும் மூன்று ஊக்கு. எல்லாப் பெண்களும் மாட்டுவதுதான், தையற்காரிக்கு அது இன்னும் வசதி. அந்த மனிதர் வாதாடவில்லை. தினமும் இதைப் பார்ப்பவர் போலிருக்கிறது.

"அப்போ வாயில கவ்விக்கோங்க. உடாதீங்க, கெட்டியா புடிச்சிக்கினு நில்லுங்க."

கவ்வினேன். கயிறு நழுவாமல் இருக்க முகவாயை மார்போடு அழுத்திக்கொண்டேன். "மூச்ச நல்லா இழுத்து நிறுத்துங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. ஐப்பசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை, அதே இடம், அதே கவ்வல், அதே ஒன்றுமில்லை. டாக்டரும் அலர்ஜி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

மார்கழியில் பொங்கல் உருப்படிகளை வெட்டிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. வெள்ளை லைனிங் துணியால் வாயைப் பொத்தினேன். எடுத்துப் பார்த்தால் ரத்தம். கொஞ்சமில்லை, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. துணியைச் சுருட்டி மிஷினுக்கு அடியில் போட்டுவிட்டு, கையில் இருந்த உருப்படியை வெட்டி முடித்தேன். அப்புறம்தான் கணவருக்குப் போன் செய்தேன்.

அவர் லோடு இறக்கிய வண்டியோடு அப்படியே வந்தார். "நட, முண்டியம்பாக்கம் போறோம்" என்றார். முண்டியம்பாக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் விழுப்புரத்தை அடுத்த பெரிய ஆஸ்பத்திரி. முன்சீட்டில் அவர், அண்ணி, நான். அண்ணி என் தொடைமேல் கையை வைத்தபடியே வந்தார். அப்படி வைத்துக்கொண்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை.

அங்கே எக்ஸ்ரே அறையில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும், தூக்கிக் கட்டிய கொண்டை, வேகமான கை. "மெட்டல் எல்லாம் கழட்டிட்டு வாங்க" என்றார். நான் பழகியவளாயிற்றே, தாலியை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். அவர் கையை இடுப்பில் வைத்தார்.

"இன்னா பண்றீங்க?"

"கவ்விக்கறேன். மூணு தடவை அப்பிடித்தான் எடுத்தாங்க."

"அந்தப் படம் கீதா? குடுங்க."

கொடுத்தேன். மூன்றையும் விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டினார். என் நெஞ்சை நான் அதுவரை நேராகப் பார்த்ததே இல்லை. முடிவுக் காகிதத்தைத்தான் பார்த்தேன். படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. எலும்பு வெள்ளையாக விழும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும், நோய் வந்த இடம் கறுப்புக்குள் வெள்ளையாகத் தெரியும் என்று அந்தப் பெண் இரண்டு வரியில் சொன்னார். பிறகு மேல்பக்கம் விரலை வைத்தார்.

"இது இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்."

வெள்ளையாக, வளைவாக, இரண்டு தோளுக்கும் நடுவில் ஒன்று படுத்திருந்தது.

"தெரியலயே."

"உங்க தாடை. குனிஞ்சிக்கினு நின்னீங்கல்ல? நுரையீரலோட உச்சி மூணு படத்துலயும் இதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு கீது. மூச்சும் பாதிதான் இழுத்திருக்கீங்க. சில வியாதி அந்த உச்சியிலதான் மொதல்ல குந்தும். அந்த எடத்தை யாருமே பாக்கல."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. குனிந்து நின்று அளவு கொடுத்திருக்கிறேன். அதுவும் நான். மூன்று தடவை. அந்த ஸ்கேன் சென்டர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. 'மேலே தெரியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் நான் திட்டிக்கொண்டாவது மறுபடி நின்றிருப்பேன். தெரியவில்லை என்பதை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் கவ்வியது என் பல் என்பதையும் மறக்கவில்லை.

"கழட்டறேன்" என்றேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் பரமு. நான் கழட்டினவ. அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் தம்பி உசுரோட நிக்கறான். நீ கழட்டாத."

அவருக்கு அதைக் கழற்றியது ஒரு கூட்டத்துக்கு நடுவில், காரியத்தன்று. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட அறுத்தார்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அதனால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்கவும் மனம் வரவில்லை.

"அண்ணி, உங்களுக்கு அவங்க அறுத்தாங்க. எனக்கு நானே கழட்டறேன். ரெண்டும் ஒண்ணா?"

தலைவழியாகக் கயிற்றை எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறை. கழுத்து குளிர்ந்தது. வானம் இடியவில்லை, என் கணவரும் விழவில்லை. வாசலில் நின்றவரிடம் நீட்டினேன். சட்டைப் பையில் விரலை விட்டுப் பார்த்தார். பை அடியில் கிழிந்திருந்தது. ஊரார் துணியைத் தைக்கும் எனக்கு அதைத் தைக்க நேரம் இருந்ததில்லை.

"கையில வச்சிக்கினா எங்கனா உட்டுடுவேன்" என்று சொல்லி, தலைவழியாகத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

மீசையும் காக்கிச் சட்டையுமாக என் தாலியோடு அந்த ஆள் வராந்தாவில் நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்தே வந்து பார்த்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். உள்ளே பலகையில் முகவாயைத் தூக்கி வைத்து, தோளை முன்னால் தள்ளி, வாயைத் திறந்து, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து நின்றேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி கிடைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. திரையில் அதைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுக்காரர். மெதுவாகப் பேசினார். "இது ரெண்டுல ஒண்ணா இருக்கலாம்மா. டிபியா இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம். இந்தப் படம் இங்க ஒண்ணு கீதுன்னு சொல்லும், இன்னான்னு முழுசா சொல்லாது. சிடி எடுப்போம், சளி அனுப்புவோம். ரத்தம் வந்ததால அட்மிட் ஆயிடுங்க."

கட்டி என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் அந்தக் கேள்வியோடு படுத்துக் கிடந்தேன்.

சிடி பற்றிச் சொல்கிறேன், பலர் பயப்படுகிறார்கள். எக்ஸ்ரே என்பது மடித்த புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. எல்லா மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். சிடி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் காட்டும். பெரிய வளையம் ஒன்று இருக்கிறது, பலகையில் படுக்க வைத்து அதற்குள் விடுகிறார்கள். கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றினார்கள். ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிவதற்காம். உடம்பெல்லாம் சூடு பரவி, படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். போகவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம், முதலிலேயே சொல்லக் கூடாதா? நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைத் தனியாக, ஜன்னல் ஓரக் கட்டிலில் போட்டு முகக்கவசம் கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில் தள்ளி ஓமந்தூர்க்காரப் பெண் ஒருத்தி. அவளுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. விலாவில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கர்ப்பிணிகளுக்கு வைக்கிற அதே ஸ்கேன் கருவியை வைத்து, நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்து, குறி வைத்து ஊசியால் எடுத்தார்கள். "வயித்துல புள்ள கீதான்னு பாக்கற மிஷினு, நெஞ்சுல தண்ணி கீதான்னும் பாக்குது" என்று அவள் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். நெஞ்சு, வயிறு, இதயம், எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எதற்கு எது என்று டாக்டருக்குத் தெரியும். ஒழுங்காக நிற்கிற வேலை மட்டும் நம்முடையது.

பயந்தேன். கட்டி என்று வந்தால் கடையை யாரிடம் கொடுப்பது, வெட்டிப் போட்ட பொங்கல் உருப்படிகளை யார் முடிப்பார்கள், மகளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தேன். சாவைப் பற்றி நேராக யோசிக்கவே வரவில்லை, துணியைச் சுற்றியே போனது மனம். அண்ணி காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தூக்குவாளியில் கேப்பங்கூழ் கொண்டுவருவார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, உரித்து உரித்து என் கையில் கொட்டுவார். என் கழுத்தை மட்டும் பார்ப்பார். சிடி முடிந்ததும் தாலி திரும்பக் கழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் பார்ப்பார்.

மூன்றாம் நாள் டாக்டர் கட்டிலருகே வந்தார். "சளியில டிபி கிருமி வந்திருக்குது. சிடியும் அதுக்கு ஒத்துப் போவுது. கட்டி இல்ல. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள் கூட உடக் கூடாது."

நான் சிரித்துவிட்டேன். டிபி என்று கேட்டுச் சிரித்த முதல் நோயாளி நான்தான் போல, அவர் கொஞ்சம் மிரண்டார். அண்ணி மட்டும் வெளியே போய்த் திரும்பியபோது கையில் ஒரு புது எவர்சில்வர் தட்டும் தம்ளரும் இருந்தன. "இது உனக்குத் தனியா" என்றார். என் சிரிப்பு நின்றது.

"டாக்டர்! தட்டுல ஒட்டுமா இது?" என்று கத்தினேன். வார்டே திரும்பியது.

"ஒட்டாதும்மா. இருமும்போது காத்துலதான் பரவும். ஜன்னலத் தொறந்து வைங்க, மாஸ்க் போடுங்க, மாத்திரை ஒழுங்கா போட்டா ரெண்டு மூணு வாரத்துல பரவுறது கொறஞ்சிடும். தட்டு, தம்ளரு, துணி எதுலயும் வராது. ஆனா கூட இருக்கறவங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கணும்."

அன்றே கணவரும் அண்ணியும் வரிசையில் நின்றார்கள், கொஞ்சம் தள்ளி நானும் நின்றேன். அதே கொண்டைக்காரப் பெண் அண்ணியிடம் "மெட்டல் எதுனா?" என்று கேட்டார். அண்ணி, "எனக்குக் கழட்டறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஜல்தியா எடுத்து அனுப்பு" என்றார். முகக்கவசத்துக்குள் நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இரண்டு பேர் நெஞ்சும் சுத்தமாக இருந்தது. வார்டுக்கு வந்த அண்ணி அந்தப் புதுத் தட்டை எடுத்து, அதில் தனக்கு இட்லி வைத்துச் சாப்பிட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தேன். மாத்திரை இலவசம். சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள். குமட்டும், நாக்கு செத்துப்போகும். ஒரு நாளும் விடவில்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கடையைத் திறந்தேன். ஒரு வாடிக்கையாளர் ஆளனுப்பித் தைக்காத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 'என்ன உடம்புக்கு' என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களிடம், "டிபி" என்று ரோட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன். அதோடு நிற்கவில்லை. தாடை விழுந்த பழைய படம் ஒன்றையும், நிமிர்ந்து எடுத்த புதுப் படத்தையும் கடைக் கண்ணாடியில் கிளிப் போட்டு அருகருகே தொங்கவிட்டேன்.

"ஏன் இந்தப் பேஜாரு? ரவிக்கை தைக்கிற எடத்துல எலும்பத் தொங்க உட்டா எவ வருவா?" என்றார் கணவர்.

"அளவு எடுக்க வர்றவ நிமிர்ந்து நிக்கக் கத்துக்கட்டும்" என்றேன்.

வந்தார்கள். அளவு எடுக்கையில் படத்தைக் கேட்டார்கள், சொன்னேன். தாங்களும் அப்படிக் கவ்வித்தான் எடுத்ததாகச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த ஆடியில் மாத்திரை முடிந்து கடைசிப் படம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டை மூடிவிட்டது, கிருமி இல்லை. உச்சியில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது, கிழிசலைத் தைத்த இடம் போல. அது கடைசிவரை இருக்குமாம். இருக்கட்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் படத்தைப் பற்றி அல்ல.

அன்று கணவருக்கு வெளியூர் லோடு. அண்ணிதான் கூட வந்தார். அதே கொண்டைக்காரப் பெண் கூப்பிட்டதும், எக்ஸ்ரே அறை வாசலில் தாலியைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினேன். சுட்டுவிட்டது போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என் கையில எதுக்குக் குடுக்கற? நான் தொடக் கூடாது. அந்தப் பொண்ணு கிட்ட குடு."

"அந்தப் பொண்ணா தெனம் பஸ் ஏறிக் கூழ் எடுத்துக்கினு வந்துச்சு? புடிங்க அண்ணி."

"பரமு, எல்லாரும் பாக்கறாங்க."

"உங்க தம்பி கழுத்துல போட்டுக்கினு நின்னாரு. அப்பவும்தான் பாத்தாங்க."

அவர் கையை எடுத்து விரித்து, அதில் வைத்து மூடிவிட்டு உள்ளே போனேன். முகவாயைத் தூக்கி, மூச்சை முழுதாக இழுத்து நின்றேன்.

வெளியே வந்தபோது அண்ணி விட்ட இடத்திலேயே, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டவில்லை.

"நீங்களே போட்டு உடுங்க" என்றேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை இரண்டு கையாலும் விரித்தார். ஊக்குகள் ஒன்றோடொன்று உரசின. என்னைவிட அரையடி குட்டை அவர், கை எட்டவில்லை.

"குனிடீ" என்றார்.

குனிந்தேன்.